உன் ரைஃபிளில் நான் பார்க்காத இடம்

உன்னிடம் பேசாமல் இருந்தது போதும். பதினெட்டு வருடம் இருந்துவிட்டேன். உன்னைப் பற்றி மட்டும் நான் ஒருநாளும் வாயை மூடிக்கொண்டிருந்ததில்லை. தென்னூரிலிருந்து திருவெறும்பூர் வரை நம் இருவரையும் தெரிந்தவர்கள் யார் எதிரில் வந்தாலும், டீ ஆறுவதற்குள் பேச்சை உன் பக்கம் திருப்பிவிடுவேன். அதெல்லாம் உன் காதுக்கு வந்திருக்கும். நீ பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னதாக என் காதுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

இன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். துப்பாக்கி எண்ணெயின் வாடை போகவில்லை. சாப்பாடு போட வந்த என் மனைவி மூக்கைச் சுளித்துக்கொண்டு, "என்னங்க இது, திரும்ப அந்தக் கிளப்புக்குப் போக ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப யாரைத் திட்டிட்டு வந்தீங்க? முகம் அப்படித்தான் இருக்கு" என்றாள். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். அதிலிருந்து எழுதுவதும், எழுந்து ஜன்னல் வரை போவதும், திரும்பி வந்து எழுதுவதுமாக இருக்கிறேன்.

இந்த வாரம் எனக்கு இரண்டு போன்கள் வந்தன. முதலாவது நம் துப்பாக்கி கிளப்பின் இப்போதைய செயலாளரிடமிருந்து. சின்ன வயசுக்காரர், மரியாதையான பையன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறதாம். ரேஞ்ச் ஹாலில் உன் படத்தை மாட்டலாமா என்று பேசப்போகிறார்களாம்.

"பழைய மெம்பர் ரெண்டு பேர் வேண்டாங்கறாங்க சார். கூட்டாளியைக் காட்டிக் கொடுத்துட்டு ஸ்டேட் மேட்ச்சுக்கு இடம் பிடிச்சவர் படம் எதுக்குன்னு கேக்கறாங்க. யார் சொன்னதுன்னு கேட்டா, நீங்க சொன்னதுங்கறாங்க. நீங்களே ரெண்டு வரி எழுதிக் கொடுத்துட்டீங்கன்னா கூட்டத்துல வாசிச்சிடறோம். வைக்கலாம்னாலும் சரி, வேணாம்னாலும் சரி."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையில் யோசிக்க எதுவும் இல்லை. வேண்டாம் என்பதற்கான வாக்கியங்கள் பல வருடங்களாக என்னிடம் தயாராக இருந்தன. எழுதி உறையில் போடுவதுதான் பாக்கி.

அடுத்த போன் ஸ்ரீரங்கத்திலிருந்து, உன் மனைவி. உன் பதின்மூன்றாம் நாளுக்குக்கூட நான் வரவில்லை. அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"சார், அவர் ரைஃபிளை ஆத்துல வச்சுக்கப்படாதுன்னு ஸ்டேஷன்ல சொல்லிட்டா. டவுன்ல துப்பாக்கிக் கடையில ஒப்படைச்சாச்சு. கடைக்காரர் ரசீதுல 'பழுது'ன்னு எழுதட்டுமான்னு கேக்கறார். தோட்டா ஏறலையாம், போல்ட் இறுக்கமா இருக்காம். அப்படி எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு மனசு வரலை. நீங்கோ ஒரு தடவை வந்து பாக்கணும்."

ஏன் நான் என்று கேட்டேன்.

"அவர் யார்கிட்டயும் காட்டக்கூடாதுன்னார். உங்களைத் தவிர."

இதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது என்று எழுதினால் பொய்யாகிவிடும். எனக்கு வந்தது கோபம்தான். செத்த பிறகும் என்னை வேலை வாங்குகிறாயே என்று.

கிளப்பில் நாம் இருவரும் ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன். நீ காவிரிப் பாலத்தைத் தாண்டி டவுனுக்கு வந்து ஓர் அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவன். முதல் நாளே உன் நெற்றியிலிருந்த திருமண்ணைப் பார்த்துவிட்டு ஒருவர், "சாமி, இங்க புளியோதரை கிடைக்காது, தோட்டாதான் கிடைக்கும்" என்றார். நீ கொஞ்சம்கூட அசராமல், "பரவாயில்லை, அதையும் நாலு பேருக்கு விநியோகம் பண்ணிட்டுப் போறேன்" என்றாய். ரேஞ்சே சிரித்தது. எனக்கு அப்படியெல்லாம் பேச வராது. எனக்கு வந்தது அளவு. திருகு எத்தனை சுற்று, ஸ்பிரிங் எத்தனை சுருள், எது எதை எவ்வளவு தள்ளுகிறது என்பது. இரண்டே வருடத்தில் ஆயுதப் பராமரிப்புப் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். சம்பளமில்லாத வேலை. என் வாழ்க்கையில் நான் பெருமைப்பட்ட ஒரே பதவி அதுதான். கல்லூரியில் எனக்கு வரவேண்டியதெல்லாம் யார் யாருக்கோ போய்க்கொண்டிருந்த காலம் அது.

உன் ரைஃபிள் பாயின்ட் டூ டூ, போல்ட் ஆக்ஷன். கழற்றி மாட்டும் மேகசின், ஐந்து தோட்டா. போல்ட்டைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் மேகசினின் மேல் தோட்டாவை நெட்டிக்கொண்டுபோய்க் குழலின் அறைக்குள் விட வேண்டும். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இருக்கும் உன்னுடையது. அந்த வருடம் ஆயுத பூஜைக்குப் பிறகு அது கெட்டது. போல்ட் பாதி வழியில் இறுகும். அழுத்தித் தள்ளினால்தான் தோட்டா உள்ளே போகும். எடுத்துப் பார்த்தால் ஈய மூக்கில் ஒரு சிராய்ப்பு.

மாவட்டப் போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. நான் மேகசினை வீட்டுக்கு எடுத்துப்போனேன். ஸ்பிரிங்கைக் கழற்றிப் பார்த்தேன். தோட்டாக்களைத் தூக்கிக் கொடுக்கும் தட்டைத் தேய்த்து வழுவழுப்பாக்கினேன். தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் மடிப்புகள் இரண்டையும் வெர்னியர் காலிப்பரில் அளந்தேன். மூக்கு தாழ்வாக வருகிறது, ஆகவே மடிப்பின் முன்பக்கம் கொஞ்சம் விரிய வேண்டும் என்று கணக்குப் போட்டேன். இடுக்கியால் ஒரு மயிரிழை விரித்தேன். கைக்குத் தோன்றியபடி செய்யவில்லை, கணக்குப்படி செய்தேன். அதை இன்றும் சொல்வேன்.

"சரியாப் போச்சாடா வாத்தியாரே?" என்று கேட்டாய்.

"தொண்ணூறு சதவீதம்."

"மிச்சம் பத்தை ரங்கநாதர் பாத்துப்பார்" என்றாய்.

அவர் பார்த்துக்கொள்ளவில்லை. போட்டியில், குறித்த நேரத்துக்குள் ஐந்தும் சுட வேண்டிய வரிசையில் உன் மூன்றாவது தோட்டா கோணலாகச் சிக்கியது. நீ கையைத் தூக்கினாய். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நடுவர்கள் பார்த்துவிட்டு, கோளாறு சுடுபவருடையதா, பராமரிப்பினுடையதா என்று கிளப் கமிட்டி தீர்மானித்துச் சொல்லட்டும் என்றார்கள். பராமரிப்பினுடையது என்றால் உனக்கு மறுபடி சுட வாய்ப்பு.

அந்தக் கமிட்டியில் நீ எழுந்து நின்று சொன்ன வார்த்தைகள் எனக்கு எழுத்து பிசகாமல் ஞாபகம் இருக்கின்றன. "மேகசினைத் தொட்டது அவன்தான். அதுக்கு மேல நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை."

அவ்வளவுதான். என் பக்கம் திரும்பவில்லை. மேகசினைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்தார்கள். மடிப்பில் இடுக்கியின் பல் பதிந்திருந்தது. பொறுப்பிலிருந்து என்னை நீக்கினார்கள். உனக்கு மறுவாய்ப்பு கிடைத்தது, வேறொருவர் ரைஃபிளை இரவல் வாங்கிச் சுட்டாய், மாநிலப் போட்டிக்குத் தேர்வானாய். நான் கிளப்பை விட்டேன். பிறகு நீ மாநிலப் போட்டிக்குப் போகவே இல்லை என்று கேள்விப்பட்டேன். லீவு கிடைக்கவில்லை என்றாயாம். குற்றமுள்ள நெஞ்சு என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது சொல்வதற்கு.

இன்று காலை துப்பாக்கிக் கடைக்குப் போனேன். உன் மனைவி முன்னமே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடையின் மெக்கானிக் காதர் பாய். நம் காலத்தில் தலை நிறைய முடி வைத்திருந்தவர், இப்போது தலை முழுக்க வழுக்கை. ரைஃபிளை மேஜைமேல் வைத்தார். மேகசின்கள் இரண்டு. ஒன்று என் இடுக்கி பட்டது. மற்றது நீ உபரியாக வாங்கி உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தது.

"சார், நீங்க பாக்கறதா இருந்தா பாருங்க. ஆனா பிளையர்ஸ் தரமாட்டேன்" என்றார் காதர் பாய். ஊர் எதையும் மறப்பதில்லை.

இந்த முறை அவசரம் இல்லை. என் மாணவர்களுக்கு முப்பது வருடமாகச் சொல்லிவரும் முறைப்படி செய்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. மேகசின் இல்லாமல் போல்ட்டை ஓட்டினேன், தடையே இல்லை. காலி மேகசினை மாட்டி ஓட்டினேன், அப்போதும் இல்லை. மருந்தில்லாத டம்மி தோட்டாக்களைப் போட்டுத் தள்ளினேன். அதே இடத்தில், அதே இறுக்கம். பதினெட்டு வருடம் கழித்தும் என் உள்ளங்கைக்கு அது தெரிந்தது. கடைசியாக, யாருமே தொடாத அந்தப் புது மேகசினைப் பிரித்து மாட்டினேன்.

அதுவும் இறுகியது.

என்ன நடந்தது என்று உனக்குப் புரியும். இடுக்கியே படாத மேகசினிலும் அதே கோளாறு என்றால் கோளாறு மேகசினில் இல்லை. அப்படியென்றால் என் இடுக்கி காரணமில்லை. என்னை அறியாமல் கத்திவிட்டேன். "பாத்தீங்களா மாமி? பாத்தீங்களா பாய்? நான் கெடுக்கலை! அன்னைக்கு ஒருத்தனாவது வேற மேகசினைப் போட்டுப் பாத்தானா?" கடையில் நின்ற இன்னொருவர் பயந்து வெளியே போனார். அந்த ஒரு நிமிடம் என் வாழ்க்கையிலேயே நல்ல நிமிடம். ஞாயிற்றுக்கிழமைக் கமிட்டிக்கு என்ன எழுதுவேன் என்பதுகூட வரி வரியாக மனதில் ஓடியது.

வேறு மேகசினைப் போட்டுப் பார்க்காதது நானும்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

காதர் பாய் ரைஃபிளைத் திருப்பி, மேகசின் நுழையும் பொந்துக்குள் டார்ச் அடித்தார். "சார், மேகசின் முன்பக்கம் முழுசா மேல ஏறலை. பின்னாடி கொக்கி டக்குன்னு விழுது, அதனால உக்காந்துட்ட மாதிரி தெரியுது. முன்னாடி என்னவோ அடைச்சிருக்கு." மூங்கில் குச்சியை விட்டுச் சுரண்டினார். மேஜையில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் பழுப்பாக ஒரு பொருக்கு விழுந்தது. காரை மாதிரி கெட்டி. அவர் அதை நகத்தால் நொறுக்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"சந்தனம்" என்றார்.

அந்தப் பொடியை வாங்கி நானும் முகர்ந்தேன்.

அந்த ஆயுத பூஜைக்கு நான்கு நாள் முன்புதான் உன் பெரியப்பா இறந்திருந்தார். கிளப்பில் அவரவர் துப்பாக்கிக்கு அவரவர் பொட்டு வைப்பது வழக்கம். நீ எட்டவே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாய். "எனக்குத் தீட்டுடா. என்னோடதுக்கு நீ வச்சுடு. உனக்குத்தான் எந்தத் தீட்டும் கிடையாதே!" நான் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றத் தெரியும், துப்பாக்கிக்குச் சந்தனம் எங்கே வைப்பது என்று தெரியாது. பார்த்துக்கொண்டிருந்த ஒரு கமிட்டி உறுப்பினர், "ஃபாதர் கைல பூஜையா? நடக்கட்டும், நடக்கட்டும். ரைஃபிள் இனிமே ஞாயித்துக்கிழமைதான் வெடிக்கும்" என்றார். எனக்கு முகம் சிவந்தது. குறையில்லாமல் செய்து காட்ட வேண்டும் என்று தோன்றியது. கட்டைக்கு வைத்தேன், போல்ட் பிடிக்கு வைத்தேன். மேகசினைக் கழற்றி, இதற்கு எது நெற்றி என்று உன்னைக் கேட்டேன். "முன்னாடி, மேல" என்றாய் சிரித்துக்கொண்டே. முன்னாடி, மேல, கட்டைவிரலால் தாராளமாக அப்பினேன். ஈரம் காயுமுன் மாட்டினேன்.

பாக்கெட் சந்தனப் பொடி காய்ந்தால் சிமெண்ட். மேகசினில் ஒட்டியதைப் பிறகு யாரோ துடைத்திருப்பார்கள். பொந்துக்குள் மேலே ஒட்டிக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை. நான் மேகசினை அளந்தேன், தேய்த்தேன், வளைத்தேன். அது போய் உட்காரும் இடத்தை ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. கோளாறு நான் கையில் எடுத்த பொருளில்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம்.

அப்போதுதான் உன் மனைவி வாயைத் திறந்தார். "அவருக்குத் தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"மேட்ச் முடிஞ்சு ஆத்துக்கு வந்த அன்னிக்கு சாயந்திரமே பிரிச்சுப் பாத்துட்டார். எனக்கும் காட்டினார். எடுத்துடலாமேன்னேன். 'கமிட்டிக்குத் தெரிஞ்சா மதத்தை இழுப்பா, இவனைக் கிழிச்சுடுவா. இருக்கட்டும். என்னைத் திட்டறதுக்காவது வருவான், அப்ப அவனே எடுக்கட்டும், சேர்ந்து சிரிக்கலாம்'னார். நீங்கோ வரலை. அவர் அதுக்கப்புறம் அதைத் தொடவே இல்லை. லைசென்ஸ் புதுப்பிக்கறப்போல்லாம் எடுத்துண்டு போவார், கொண்டு வந்து பீரோவுல வச்சுடுவார்."

கமிட்டி கூடியது போட்டி முடிந்த மறு வாரம். அப்படியென்றால், "அதுக்கு மேல நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை" என்று எழுந்து நின்றபோது உனக்கு எல்லாம் தெரியும். என்னுடைய தப்புகள் இரண்டு உன் கையில் இருந்தன. இடுக்கியை மட்டும் சொன்னாய். சந்தனத்தை விழுங்கிவிட்டாய். சந்தனத்தைச் சொல்லியிருந்தால் அந்த 'ஃபாதர்' கிண்டல்காரரும் அவர் கூட்டமும் என்னை என்ன பாடு படுத்தியிருப்பார்கள் என்று எனக்கும் தெரியும்.

சரி. ஆனால் அதை எனக்கு மட்டும் சொல்லியிருக்கலாம் இல்லையா? பாலத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. ஒரு நம்பர் ஒன் பஸ் ஏறினால் போதும். வந்து கதவைத் தட்டி, "வாத்தியாரே, நீ வச்ச பொட்டுதான்டா" என்று ஒரு வரி. நீ வரவில்லை. நான் வருவேன் என்று பீரோவைப் பூட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாயாம். என்ன திமிர் அது? எனக்கு வந்த வார்த்தை திமிர்தான். உன் மனைவி அதைப் பொறுமை என்கிறார். நீ சொல்லாததால் பதினெட்டு வருடம் நான் எத்தனை பேரிடம் எத்தனை முறை உன்னைத் துரோகி என்றிருக்கிறேன் தெரியுமா? என்னை அப்படிப் பேசவிட்டாயே. நல்லவனாக இருப்பதில் உனக்கு இருந்த சோம்பேறித்தனம் அது. நான் உன்னை மன்னிக்கவில்லை. எதற்கு மன்னிக்காமல் இருக்கிறேன் என்பது மட்டும் இன்று காலையிலிருந்து மாறிப்போய்விட்டது. அது இன்னும் கையில் பிடிபடவில்லை. எழுந்து எழுந்து நடக்கிறேன்.

காதர் பாய் பொந்தைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கொடுத்தார். இடுக்கி பட்ட மேகசினை எடுத்து மாட்டினேன். முன்னும் பின்னும் ஒன்றாக உட்கார்ந்தது. டம்மி தோட்டாக்களில் மூன்று நன்றாகப் போயின, நான்காவது கொஞ்சம் உரசியது. அந்த உரசல் என்னுடையது, என் கணக்கினுடையது. புது மேகசினில் ஐந்தும் சத்தமில்லாமல் போயின. "பழுதில்லை" என்று ரசீதில் எழுதினார். உன் மனைவி கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து ஆட்டோ ஏறும்போது, "சாயந்திரம் ஆத்துக்கு வாங்கோளேன்" என்றார். பார்க்கலாம் என்றேன். போகவில்லை. எந்த முகத்தோடு போவது என்பதைவிட, அங்கே போய் எதைப் பார்த்துக் கோபப்படுவது என்பதுதான் தெரியவில்லை.

என்னிடம் இனி இருப்பது அந்த இறுக்கம். எனக்கு ஒரு கோளாறு என்றால் எதைக் கையில் எடுக்கிறேன், எதை எட்டிப் பார்க்காமல் விடுகிறேன் என்பதைப் போல்ட் நின்ற அந்த இடம் என் உள்ளங்கையில் சொல்லிக்கொண்டே இருக்கும். முப்பது வருடம் பாடம் நடத்தியவனுக்கு அது காலம் கடந்து வந்த பாடம் என்று கிண்டலடிக்க நீ இல்லை.

செயலாளர் கேட்ட இரண்டு வரி இவ்வளவு நீண்டுவிட்டது. இதையேதான் அனுப்பப்போகிறேன். உன் படத்தை மாட்டலாம் என்று தனியாக எழுதவேண்டிய அவசியம் இல்லை. இதை வாசித்த பிறகும் வேண்டாம் என்று சொல்ல யாருக்காவது வாய் வந்தால் சொல்லட்டும். முதலில் கையெழுத்துப் போட்டேன், பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். பெயர் இல்லாவிட்டாலும் யார் என்று நாலு வரியில் தெரிந்துவிடும். தெரியட்டும். ஆனால் கீழே என் பெயரை வாசித்தால் அந்த ஹாலில் உட்கார்ந்திருப்பவர்கள் உன்னை விட்டுவிட்டு என்னைப் பேச ஆரம்பிப்பார்கள். எவ்வளவு பெரிய மனசு, தப்பை ஒத்துக்கொண்டாரே என்று. பதினெட்டு வருடம் உன் நல்ல பெயரை நான் கெடுத்தது போதும். ஞாயிற்றுக்கிழமை அங்கே உன் பெயர் ஒன்றுதான் சொல்லப்பட வேண்டும். காலையில் கல்லூரிக்குப் போகிற வழியில், கையெழுத்தில்லாமலே தபாலில் போட்டுவிடுகிறேன்.